அடியில் என்ன விரித்தீர்கள்?



தை பிறந்துவிட்டது. நத்தம் சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் பழநி பாதயாத்திரைக் கூட்டம் இனி ராப்பகலாகப் போய்க்கொண்டே இருக்கும். பூசம் முடிந்த கையோடு வெள்ளியங்கிரி சீசன் வந்துவிடும். பிப்ரவரி தொடங்கி மே வரைக்கும் கோவை பக்கத்தில் தெருவுக்கு ஒருவராவது "மலைக்குப் போறேன்" என்று மூங்கில் தடியோடு கிளம்புவார்கள்.

இந்தப் பயணங்களுக்கு நாம் எப்படிப் பை கட்டுகிறோம்? புளியோதரை மறக்காது. பவர் பேங்க் மறக்காது. வலி மாத்திரை, தைலம், மாற்றுத்துணி எல்லாம் ஏறிவிடும். ராத்திரி எங்கே படுப்பது, எதன்மேல் படுப்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "பெட்ஷீட் ஒண்ணு வச்சிருக்கேம்மா, போதும்" என்று மகன் சொன்னால் நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம்.

அது போதாது. ஏன் போதாது என்பதைத்தான் இந்த முறை உங்களோடு பேச நினைக்கிறேன்.

நம்மில் பெரும்பாலானோர் வீட்டில் டென்ட் கிடையாது, ஸ்லீப்பிங் பேக் கிடையாது. வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஆனால், வெட்டவெளியில் ஒரு ராத்திரியாவது கழிக்காத குடும்பம் எது? குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கப் போனால் அங்கேதான் படுக்கை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் ஸ்டாண்ட் திண்ணை. தோட்டத்துக்கு ராத்திரியில்தான் கரன்ட் வரும் என்றால் மோட்டார் ரூம் வாசல். சொந்தக்காரரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வராந்தாவில் முடங்கிக் கிடந்த இரவுகளை உங்களில் எத்தனையோ பேர் அறிவீர்கள்.

"நம்ம ஊர்ல என்ன அப்படிப் பெரிய குளிர்?" என்று கேட்கலாம். நம் உடம்பின் உள்சூடு சுமார் 37 டிகிரி செல்சியஸ். அது 35-க்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. டாக்டர்கள் ஹைப்போதெர்மியா என்பார்கள். அது வர இமயமலைக்குப் போக வேண்டியதில்லை. நனைந்த துணியும் வீசும் காற்றும் சேர்ந்துவிட்டால் 10 டிகிரியிலேயே வரலாம். வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கு முன்பே.

கோவை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளியங்கிரி உச்சி 1,700 மீட்டருக்கும் மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். ஊருக்குள் ராத்திரி 20 டிகிரி என்றால், மேலே 12 இருந்தால் அதிகம். அதோடு உச்சி இருக்கும் ஏழாவது மலையில் அடிக்கும் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போய் வந்தவர்கள் முதலில் சொல்வது அந்தக் காற்றைப் பற்றித்தான்.

சரி, சூடு எந்த வழியாகப் போகிறது? மேலே போர்த்துவதைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். படுத்திருக்கும்போது அதிகம் களவு போவது அடியில். சிமென்ட் தரை, கருங்கல் திண்ணை, பஸ் ஸ்டாண்டின் ஸ்டீல் பெஞ்ச் எல்லாமே உடம்புச் சூட்டை விடாமல் உறிஞ்சும். தை மாதப் பனி தரையைத் துளைக்கும், மாசி மாதப் பனி மச்சைத் துளைக்கும் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். அந்தத் தரையில்தான் நாம் முதுகை வைக்கிறோம்.

கம்பளி தானாகச் சூடு தருவதில்லை. அதன் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் நம் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அதே கம்பளியை அடியில் விரித்துப் படுத்தால் என்ன ஆகும்? உடம்புக் கனத்தில் அது நசுங்கி, உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும். பாதிப் பயன் அங்கேயே போச்சு. எனவே அடியில் போடுவது நம் எடைக்கு நசுங்காத பொருளாக இருக்க வேண்டும். வைக்கோல், இரண்டாக மடித்த கோரைப்பாய், காய்ந்த சருகை அடைத்த சாக்கு, அட்டைப்பெட்டி.

அட்டைப்பெட்டியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதைக் கிழித்து ஓரத்தைப் பாருங்கள். இரண்டு காகிதத்துக்கு நடுவே அலை அலையாக ஒரு காகிதம் ஓடும். அந்த இடைவெளி முழுக்கக் காற்று. பழநி போகும் வழியில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பிஸ்கட் அட்டைப்பெட்டி இரண்டைக் காலால் மிதித்துத் தட்டையாக்கினார். ஒன்றின் இணைப்பு வரும் இடத்தில் மற்றொன்றின் நடுப்பகுதி வரும்படி மாற்றி அடுக்கினார். மேலே ஒரு பழைய புடவையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் பிள்ளையைப் படுக்க வைத்தார். பக்கத்தில் விலை உயர்ந்த சால்வையைப் போர்த்திக்கொண்டு வெறும் தரையில் படுத்திருந்த பெரியவர் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தார். அந்தப் பிள்ளை விடியும்வரை அசையவில்லை.

உங்கள் கையில் இரண்டு பெட்ஷீட் இருக்கிறது, வேறு ஒன்றுமே இல்லை என்றால்? குறைந்தது ஒன்றாவது அடியில், நாலைந்து மடிப்பாக, இடுப்பும் தோளும் படும் இடத்தில். கால் பக்கம் பையை வைத்துக்கொள்ளலாம். செருப்புகூட தரைக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு தடுப்புதான்.

அடுத்தது ஈரம். வெள்ளியங்கிரியில் பலர் தவறுவது இங்கேதான். பூண்டியில் ஏற ஆரம்பித்ததும் முதல் மலைப் படிகளிலேயே சட்டை தொப்பலாக நனைந்துவிடும். ஏறிக்கொண்டிருக்கும்வரை குளிர் தெரியாது. பாம்பாட்டி சுனையும் கைதட்டி சுனையும் தாண்டி மேலே போய், காற்றில் உட்காரும்போதுதான் அந்த ஈரச் சட்டை பிடித்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆண்டி சுனையில் குளித்துவிட்டு, அதே ஈர வேட்டியோடு உச்சிக்கு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பக்தியைக் குறை சொல்லவில்லை. குளித்தால் உடனே துவட்டி, காய்ந்த துணிக்கு மாறிவிடுங்கள். ஒரு பனியன், ஒரு முழுக்கை சட்டை, ஒரு ஜோடி சாக்ஸ். இவற்றை ஓய்வெடுக்கும் நேரத்துக்கு என்றே தனியாகக் கட்டி, நனையாமல் வைத்திருங்கள். ஏறும்போது எவ்வளவு குளிராகத் தோன்றினாலும் அவற்றைத் தொடக் கூடாது.

ஸ்வெட்டர் இல்லையா? நியூஸ்பேப்பர் இருக்கிறதே. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே, நெஞ்சுக்கு முன்னால் நாலு தாள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மலையிலிருந்து இறங்கும்போது இதைத்தான் செய்தார்கள். வியர்வை பட்ட உடம்பில் காற்று அறையாமல் இருக்க ஜெர்ஸிக்குள் பேப்பரைச் செருகிக்கொள்வார்கள். வெள்ளியங்கிரிக்கு இது இன்னும் வசதி. பிளாஸ்டிக் கவர்களை அடிவாரத்திலேயே வனத்துறையினர் சோதித்து எடுத்துவிடுவார்கள்; பேப்பருக்கும் சாக்குக்கும் அந்தத் தொல்லை இல்லை. திரும்பும்போது அவற்றையும் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

இடம் தேர்வதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். மேகமில்லாத ராத்திரியில் தரையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடும். அதனால்தான் வெட்டவெளியில் பனி கொட்டும்போது மரத்தடி காய்ந்து கிடக்கிறது. கூரையோ மரமோ தலைக்கு மேல் இருப்பது நல்லது. பள்ளமான இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் உறைபனி முதலில் விழுவது தலைகுந்தா, காந்தல் மாதிரித் தாழ்வான இடங்களில்தான். ஓடைக்கரையும் வேண்டாம். நாலு பேர் இருந்தால் ஒட்டிப் படுங்கள், குழந்தைகளையும் வயதானவர்களையும் நடுவில் விடுங்கள்.

படுக்கும் முன் டீக்கடையில் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் பிடித்து, துண்டில் சுற்றித் தொடை நடுவே வைத்துக்கொண்டால் நள்ளிரவு தாண்டியும் கதகதப்பு இருக்கும். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் மரத்துப்போகும் பிரச்சினை உள்ள பெரியவர்களுக்குக் காலடியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். சுடுவதே அவர்களுக்குத் தெரியாது, கொப்புளித்துவிடும். வெறும் வயிற்றோடும் படுக்க வேண்டாம். கடலை மிட்டாயோ வெல்லம் சேர்த்த பொட்டுக்கடலையோ நாலு வாய் போனால் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

"ஒரு கட்டிங் போட்டா குளிரே தெரியாது" என்று சொல்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். குளிர் தெரியாது என்பது உண்மை, அதுதான் ஆபத்தே. மது தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரித்துவிடும். உள்ளே இருக்கவேண்டிய சூடு தோலுக்கு வந்து வெளியே போய்விடும். உடம்பு குளிர்ந்துகொண்டிருக்கும்போது மனசு மட்டும் கதகதப்பாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும்.

நெருப்பைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். காட்டுக்குள் நெருப்பு மூட்டவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ எப்படிப் பரவியது, 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் எப்படிப் போயின என்பதை நாம் மறந்திருக்க முடியாது. இன்னொன்று, கரி அடுப்பு. அறைக்குள்ளோ டென்ட்டுக்குள்ளோ வேனுக்குள்ளோ கரிக் கங்கை வைத்துக்கொண்டு கதவைச் சாத்திப் படுத்து, காலையில் எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிக் கொடைக்கானலிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் செய்தி வந்திருக்கிறது. புகை இல்லையே, தணல்தானே என்று நினைப்போம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடும். எவ்வளவு குளிர்ந்தாலும் சரி, மூடிய இடத்துக்குள் கரி வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். போதாது.

கூட வந்தவரைக் கவனித்துக்கொண்டே இருங்கள். நடுங்குவது நல்ல அறிகுறி, உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். பேச்சு குழறுவது, நடை தள்ளாடுவது, "விடு, நான் இங்கேயே தூங்குறேன்" என்று ஒதுங்குவது, அதுவரை இருந்த நடுக்கம் திடீரென்று நிற்பது - இவை வந்தால் தாமதிக்கக் கூடாது. ஈரத்துணியைக் கழற்றி, காய்ந்ததைச் சுற்றி, முதலில் நெஞ்சையும் முதுகையும் சூடாக்குங்கள். கை காலைத் தேய்க்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம் கொடுங்கள். கைக்குழந்தைக்கு நம்மைப்போல நடுங்கத் தெரியாது. வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். அங்கே சில்லென்று இருந்தால் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போகும்வரை இறக்க வேண்டாம்.

நான் இதையெல்லாம் எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. குடும்பமாக ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வேன் பேசிப் போகிறோம். லாட்ஜில் நமக்கு ரஜாய், ஹீட்டர். நம்மைப் பத்திரமாக மலையேற்றிய டிரைவர் அண்ணன் எங்கே படுக்கிறார்? பெரும்பாலும் வேனுக்குள், ஒரு சால்வையோடு. சுற்றிலும் தகரமும் கண்ணாடியும். மூச்சுக்காற்றே கண்ணாடியில் ஈரமாகப் படிந்து, விடியும்போது சீட்டெல்லாம் நசநசத்துக் கிடக்கும். குளிர் தாங்காமல் ஜன்னலை ஏற்றிவிட்டு இன்ஜினை ஓட விட்டுத் தூங்கினால், கரி அடுப்பில் வரும் அதே வாயு அங்கேயும் சேர வாய்ப்பு உண்டு. காலையில் அதே அண்ணன்தான் கொண்டை ஊசி வளைவுகளில் நம் பிள்ளைகளை இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

விருந்தினர்களின் டிரைவர்களுக்கு ஓட்டல்களும் லாட்ஜுகளும் படுக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளில் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால், ரூம் புக் பண்ணும் நாம் கேட்காமல் அது நடக்காது. போனில் "கீஸர் இருக்கா, பிரேக்ஃபாஸ்ட் உண்டா" என்று கேட்கிறோமே, அதோடு "டிரைவருக்கு ரூம் இருக்கா, கட்டில் இருக்கா" என்றும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு லாட்ஜ் பாருங்கள். வேறு கிடைக்கவே இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாய், இரண்டு கம்பளி, ஒரு மங்கி குல்லா அவருக்கென்று வண்டியில் ஏறட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்