வேன் தட்டுகிறதா? இன்ஜினைப் பிரிக்க அவசரம் வேண்டாம்

நெல்லைச் சீமையில் ‘கார்’ என்றால் முன்பெல்லாம் நெல் சாகுபடிப் பருவம்தான் நினைவுக்கு வரும். இப்போது நான்கு சக்கரக் காரும் சிறு விவசாயியின் வாசலில் நிற்கிறது. புது வண்டி அல்ல. இரண்டு மூன்று கை மாறி வந்த பெட்ரோல் வேன். இவற்றில் ஆம்னி அதிகம். 1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி, 796 சி.சி., மூன்று சிலிண்டர். கருங்குளம், செய்துங்கநல்லூர் பக்கத்திலிருந்து வாழைத்தாரும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டை வழியாக டவுனுக்கு வரும்போது, ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் ஏறுகிற இடத்தில்தான் அதன் நோய் வெளியே தெரியும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும்.

இதைக் கேட்டவுடன் “இன்ஜின் போச்சு, பிரித்துப் பார்க்க வேண்டும்” என்று சொல்கிற பட்டறைகள் உண்டு. பிசானத்துக்கு உரம் வாங்க வைத்திருந்த பணம் பிஸ்டனுக்கும் போரிங்குக்கும் போய்விடுகிறது. வேலை முடிந்து வண்டி வந்த பிறகும் பாலத்தில் அதே சத்தம் கேட்டால் வியப்பில்லை. காரணம் பெரும்பாலும் இன்ஜினுக்குள் தேய்ந்த பாகத்தில் இல்லை. பெட்ரோல் எரிகிற விதத்தில் இருக்கிறது.

ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு பக்கத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் அளவுக்கு மீறினால், தீ போய்ச் சேருமுன்பே மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி தானாகவே வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுவதுதான் தட்டல். பாரம் ஏற்றி, மேட்டில், டாப் கியரிலேயே அழுத்தி மிதிக்கும்போது இது அதிகம். நாள்கணக்கில் தட்டவிட்டே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். ஹெட் கேஸ்கட் போகும். அப்போது பிரித்துத்தான் ஆகவேண்டும்.

சத்தத்தை இனம் பிரித்து அறிவது முதல் வேலை. இழுக்கும்போது மட்டும் கேட்டு, காலை எடுத்ததும் மறைந்தால் எரிபொருள் தட்டல். எல்லா வேகத்திலும் ‘டிக் டிக்’ என்று மெல்லக் கேட்டால் டாப்பெட். அடியிலிருந்து கனமாக ‘தொம் தொம்’ என்று கேட்டு, ஆயில் விளக்கும் எரிந்தால் பேரிங்; அந்த வண்டியை ஓரங்கட்டிக் கயிறு கட்டித்தான் இழுத்துவர வேண்டும். பட்டறையில் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று சரியாகச் சொல்பவருக்கே பாதிச் செலவு மிச்சம்.

பிறகு செலவில்லாத சோதனை. பாலம் ஏறுமுன் ஒரு கியர் குறைத்துப் பார்க்கலாம். தட்டல் நின்றால், குறை பாரத்திலும் ஓட்டுகிற முறையிலும் இருக்கலாம். அடுத்து, டாங்கியில் இருப்பது தீர்ந்ததும் வேறு பங்கில் பெட்ரோல் போட்டுப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் நிச்சயம் தட்டும். இது விவசாயிகளுக்குத் தெரியாததல்ல. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட்டை அதற்கென்றே குறைந்த அழுத்தத்தில் அமைத்திருக்கிறார்கள். கார் இன்ஜின் அப்படி அல்ல. சிக்கனம் என்று கலந்து ஊற்றுகிறவர் இன்ஜினைத்தான் விலையாகக் கொடுக்கிறார்.

சூட்டையும் பார்க்க வேண்டும். ஆம்னியின் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் அடைந்து கிடக்கிறது. ரேடியேட்டர் இடுக்குகளில் வைக்கோல் தூசி அடைத்தால் சூடு இறங்காது. கடைமடைப் பக்கம் கிணற்று உப்புத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றுகிறார்கள். வரப்பில் உப்புப் பூத்தால் பயிருக்கு என்ன ஆகும் என்று அறிந்தவர்கள், ரேடியேட்டர் குழாய்க்குள் பூக்கும் உப்பை மட்டும் ஏன் பொறுக்கிறார்களோ! கூலன்ட் ஊற்றுவது பெரிய செலவல்ல.

இத்தனைக்கும் பிறகுதான் மெக்கானிக்கின் வேலை. பிளக் அந்த வண்டிக்கு உரிய நம்பர்தானா, பெட்ரோல் ஃபில்டரோ கார்பரேட்டர் ஜெட்டோ அடைத்திருக்கிறதா, மேனிஃபோல்டு கேஸ்கட்டில் காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலும் தட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் டைமிங்கை டைமிங் லைட் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். காதால் கேட்டு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, சத்தம் நிற்கும்வரை பின்னுக்குத் தள்ளுவது ஒரு பழக்கம். சத்தம் நிற்கும், உண்மை. ஆனால் இழுவை போய்விடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சூடு ஏறும். நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயைப் பொத்துகிற வைத்தியம் அது. எல்லாம் சரியாக இருந்தும் தட்டினால் உள்ளே கரி படிந்திருக்கலாம். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதற்கும், இன்ஜினையே பிரிப்பதற்கும் செலவில் எவ்வளவோ வித்தியாசம்.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதால்தான் தட்டுகிறது என்று ஒரு பேச்சும் நடமாடுகிறது. இது சரியல்ல. எத்தனால் தட்டலைத் தடுக்கும் பொருள். முன்பு அந்த வேலைக்கு ஈயம் சேர்த்தார்கள். அது நஞ்சு என்பதால் 2000-ல் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. ஆனால் 20 சதவீத எத்தனால் பழைய வண்டியின் ரப்பர் குழாயைக் கெடுக்கும். டாங்கியின் பழைய அழுக்கைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். கார்பரேட்டர் வண்டியில் கலவையில் காற்றின் பங்கையும் கூட்டும். குழாயையும் ஃபில்டரையும் மாற்றி, கார்பரேட்டரைச் சரிபார்ப்பதே இதற்குப் பரிகாரம்.

டிராக்டருக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. டீசல் இன்ஜினில் ஓரளவு தட்டல் இயல்பு. அது கூடினால் நாசிலையும் டீசல் பம்ப் டைமிங்கையும்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் பட்டறை வாசலில் ஆக்ஸிலேட்டரை உறுமவிட்டுக் காட்டுவதை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. பாரம் இல்லாமல் இந்தத் தட்டல் பெரும்பாலும் கேட்காது. வழக்கமான சரக்கை ஏற்றி, மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதே ஈரடுக்குப் பாலத்தில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகு கணக்குத் தீர்க்கலாம். மாற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.