ஆபத்துக்குப் பாவமில்லை

பெண்கள் குருவாகலாமா என்ற வினா எழும்போதெல்லாம், அது தேவ நியமம் சம்பந்தப்பட்டது, மனிதர் மாற்றத்தக்கதன்று என்று நமக்கு விடை கூறப்படுகிறது. நியமம் நியமமாகவே இருக்கட்டும். ஆனால், வெள்ளம் வந்தபோது அந்த நியமம் எங்கே போயிருந்தது, வெள்ளம் வடிந்ததும் எங்கிருந்து திரும்பி வந்தது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

1941 டிசம்பரில் யப்பானியர் ஹொங்கொங்கைக் கைப்பற்றினர். அண்டையிலிருந்த போர்த்துக்கேயரின் மக்காவோ நடுநிலை வகித்தமையால் அகதிகள் அங்கே திரண்டனர். அங்குள்ள அங்கிலிக்கன் சபையைத் தாங்கி நின்றவர் பிளோரன்ஸ் லீ ரிம்-ஒய் என்னும் சீனப் பெண், உதவிக்குரு. ஆண் குரு எவரும் அங்கே போய்ச்சேர வழியில்லை. பசியிலும் சாவிலும் உழன்ற மக்களுக்கு நற்கருணை வழங்க ஆளில்லை. ஆகவே, முதலில் உதவிக்குருவாக இருந்தபடியே அதனை வழங்க அவருக்கு அனுமதி கிடைத்தது. பின்னர், 1944 ஜனவரி 25ஆம் நாள், அத்தியட்சர் ரொனால்ட் ஹோல் சீனப் பெருநிலத்தில் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். யப்பானியர் வசமிருந்த பிரதேசத்தைக் கடந்து சென்று அப்பட்டத்தைப் பெற்றார் அப்பெண். அங்கிலிக்கன் திருச்சபை வரலாற்றில் முதற் பெண் குரு அவரே.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது நம்மவர் பழமொழி. ஆபத்து நீங்கியது. 1945இல் போர் முடிந்தது, பாதைகள் திறந்தன, ஆண்கள் வந்தனர், அவர்களோடு நியமமும் வந்து சேர்ந்தது. கன்ரபரிப் பேரத்தியட்சரின் கண்டனம் ஹோலின்மீது விழுந்தது. அவரைச் சங்கடத்திலிருந்து காக்கும் பொருட்டு, 1946இல் லீ தமது பணி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார். பட்டத்தை மட்டும் அவர் துறக்கவில்லை. நாம் கேட்கிறோம்: அவர் கையால் வழங்கிய அப்பமும் இரசமும் யுத்த காலத்தில் மெய்யாயிருந்து, சமாதான காலத்தில் பொய்யாகிவிட்டனவா? பொய்யெனின், மக்காவோவின் அகதிகளை ஏமாற்றியவர் யார்? மெய்யெனின், அவரை விலக்கியது எந்த நியமம்?

லீ பின்னர் ஹெப்பு என்ற ஊருக்குச் சென்று சபையை நடத்தினார். பெண் சிசுக்கள் கொல்லப்பட்ட அவ்விடத்தில் ஒரு பிரசவ விடுதியும் அமைத்தார். சீனத்தில் தேவாலயங்கள் மூடப்பட்ட ஆண்டுகளில் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் உழைக்க வைக்கப்பட்டார். புதிய அரசு அவரை நடத்திய விதத்தைப் பூசி மெழுக நாம் விரும்பவில்லை. ஆயினும், அவரைத் தன்னுடையவர் என்று சொல்லவேண்டிய திருச்சபையே முதலில் கைவிட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1971இல் ஹொங்கொங் சபை வேறிரு பெண்களைக் குருவாக்கியபோதுதான் அவருடைய பட்டமும் அங்கே அங்கீகாரம் பெற்றது. 1992 பெப்ரவரியில் அவர் ரொறன்ரோவில் காலமானார். பெண்கள் குருவாகலாம் என்று இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் தீர்மானித்தது அதே ஆண்டு நவம்பரில்! 2025 அக்டோபரில் கன்ரபரியின் ஆசனத்துக்கே ஒரு பெண்ணின் பெயர் அறிவிக்கப்பட்டது. நல்லது. ஆனால், வேதாகமத்தில் ஒரு வரியும் மாறவில்லையே.

கிறிஸ்து தெரிந்தெடுத்த பன்னிருவரும் ஆண்களல்லவா என்பார் உளர். பன்னிருவரும் யூதர்களுந்தாம். யாழ்ப்பாணத்தான் குருவாவதற்கு அது தடையாகவில்லை. பவுல் சபையிலே பெண்களைப் பேசவேண்டாமென்றார் என்பர் வேறு சிலர். அதே பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதி அதிகாரத்தில் முதலில் வாழ்த்திப் பரிந்துரைப்பது பெபேயாள் என்ற பெண்ணையே. கெங்கிரேயா சபையில் அவளுக்கு அவர் கொடுக்கும் கிரேக்கப் பெயர், உதவிக்குருவைக் குறிக்கும் அதே பெயர். நமது பழைய தமிழ் வேதாகமம் பிலிப்பியர் நிருபத்தில் அச்சொல்லை ‘உதவிக்காரர்’ என்று சபைப் பதவியாக்குகிறது. பெபேயாளிடம் வந்ததும் அவள் ‘ஊழியக்காரி’ ஆகிவிடுகிறாள். மொழிபெயர்த்தவரிடம் வஞ்சகம் இருந்ததென நாம் சொல்லவில்லை. பெண் என்றதும் பணிவிடை என்று எழுதக் கை பழகியிருந்தது, அவ்வளவே.

இலங்கையின் அங்கிலிக்கன் திருச்சபையில் இன்று பெண் குருமார் உளர். ஆனால், இந்நாட்டுக் கிறிஸ்தவரில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அவர்தம் பாடசாலைகளையும் அநாதை இல்லங்களையும் கன்னியாஸ்திரிகள் எத்தனை தலைமுறையாகச் சுமக்கின்றனர்! சிறுவனுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்பிப்பவர் ஒரு கன்னியாஸ்திரி. அவன் வளர்ந்து குருவானதும் பீடத்தின்முன் முழந்தாளிட்டு அவன் கையிலிருந்து நற்கருணை பெறுபவரும் அவரே. இடம் மாறிக்கொள்ள வழியே இல்லை. பெண்ணுக்குக் குருப்பட்டம் அளிக்கும் அதிகாரம் திருச்சபைக்கே கிடையாதென 1994இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அறிவித்தார். குருப்பட்டம் போகட்டும், பெபேயாளின் பதவியையேனும் பெண்களுக்குக் கொடுக்கலாமா என்று ஆராய 2016இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். 2020இல் அதே விடயத்தை ஆராய இன்னோர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது.