சாடியை மறந்தவர்கள்

கிட் வைத்துக் காய்ச்சுவதெல்லாம் பியரே இல்லை என்று என் வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு ஒரு கவிஞர் சொன்னார். நண்பர்தான். நான் இங்கிலாந்தில் டெர்பியில் இருக்கிறேன். லண்டனுக்கு வந்தவர் ரயில் பிடித்து என்னையும் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். பாட்டிலில் அடைத்துப் பத்து நாள்கூட ஆகாத பேல் ஏல் ஒன்றை, வேண்டாம் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் திறந்து ஊற்றிக்கொண்டார். ஒரு வாய்தான். முகம் சுளித்தது. "டப்பாவத் தொறந்து தண்ணிய ஊத்துனா பியராய்யா? நீ காய்ச்சல, கலக்கியிருக்க" என்றார்.

பிறகு ஃப்ரிட்ஜில் இருந்த கடை பியரை எடுத்துக்கொண்டார். இரவு ஒரு மணி வரை குடியைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் பேசினார். போதை ஒரு விடுதலை, கோப்பை ஒரு கண்ணாடி, குடிக்காதவனுக்கு மொழியின் அடியாழம் தெரியாது, இப்படி. அந்த நான்கு மணி நேரத்தில் கையிலிருந்த பியர் எதிலிருந்து வந்தது, எப்படி வந்தது என்று அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. என்னைக் கலப்படக்காரன் ஆக்கியது எனக்குப் பெரிய வருத்தமில்லை. இந்தத் தோன்றாமைதான் உறுத்துகிறது. அவர் ஒருவர் விஷயமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நம் இலக்கிய உலகத்தின் குடிப்பேச்சு மொத்தமும் இப்படித்தான் இருக்கிறது.

முதலில் டப்பாவின் கதையை முடித்துவிடுகிறேன்.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். அதை இடித்து வெந்நீரில் ஊறவைத்தால் முளையில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்த இனிப்புச் சாற்றைப் பாகுபோலச் சுண்டவைத்து, கசப்புக்கு ஹாப்ஸும் சேர்த்து அடைத்ததுதான் கிட்டில் வரும் டப்பா. ஏறக்குறைய 1.7 கிலோ. திறந்தால் ஹார்லிக்ஸ் வாசனை வரும். இரண்டும் முளைகட்டிய பார்லிதானே. பாகைப் பக்கெட்டில் ஊற்றி, மூன்று லிட்டர் கொதிநீர் விட்டுக் கலக்கி, ஒரு கிலோ சர்க்கரையோ மால்ட் பொடியோ போட்டு, பச்சைத்தண்ணீரால் 23 லிட்டருக்கு நிரப்ப வேண்டும். சூடு 20 டிகிரிக்கு இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டும். அரை மணி நேர வேலை. அதற்கு முன்னால் பக்கெட், மூடி, கரண்டி, குழாய் எல்லாவற்றையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும்.

நண்பர் சொன்னதில் பாதி உண்மை. பார்லியை நான் ஊறவைக்கவில்லை. தானியத்திலிருந்து ஆரம்பிப்பவருக்கு நிறம், கனம், இனிப்பு எல்லாவற்றிலும் என்னைவிடத் தேர்வுகள் அதிகம். அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாறு பியர் அல்ல, வெறும் சர்க்கரைத் தண்ணீர். அதைப் பியராக்குவது ஈஸ்ட். 180 கிராம் குளுக்கோஸை 92 கிராம் ஆல்கஹாலாகவும் 88 கிராம் கரியமில வாயுவாகவும் பிரிப்பது அந்த உயிரிதான். அவருடையதிலும் என்னுடையதிலும் அதே கணக்குதான். லூயி பாஸ்டர் பியரைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார், 1876இல். அதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பிருந்தே மனிதர்கள் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று தெரியாமலேயே காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சுபவருக்கு மிஞ்சுவது மூன்று வேலை. சுத்தமாக வைத்துக்கொள்வது, சூட்டைப் பார்த்துக்கொள்வது, கையை வைக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம்.

என் முதல் கிட்டில் நான் தோற்றது அங்கேதான். இரண்டு வாரம் பக்கெட்டில் நொதித்தது. ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்தேன். 1.042இல் ஆரம்பித்தது 1.010இல் வந்து நின்றது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் அதே எண். அப்படியென்றால் சர்க்கரை தீர்ந்துவிட்டது, நான்கு சதவீதத்துக்குச் சற்று மேலே ஆல்கஹால் இருக்கிறது என்று அர்த்தம். 130 கிராம் சர்க்கரையைக் கரைத்துக் கலந்து நாற்பத்திரண்டு பாட்டிலில் அடைத்தேன். பாட்டிலுக்கு மூன்று கிராம் சொச்சம்தான். அதைத் தின்று ஈஸ்ட் விடும் வாயு வெளியேற வழியில்லாமல் பியரிலேயே கரையும். நுரை அங்கிருந்துதான் வருகிறது. சர்க்கரை கூடினாலோ, நொதிப்பு முடியாமல் அவசரப்பட்டு அடைத்தாலோ பாட்டில் வெடிக்கும். கண்ணாடி பறக்கும். இது விளையாட்டல்ல.

அடைத்த பிறகு இரண்டு வாரம் வீட்டுச் சூட்டில், அப்புறம் குளிர்ந்த இடத்தில் குறைந்தது மூன்று வாரம் வைக்கவேண்டும். நான் ஆறாம் நாளே ஒன்றைத் திறந்தேன். பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி இருந்தது. கிட்டைத் திட்டினேன், கூடவே இன்னொன்றையும் திறந்தேன். தினமும் "இன்னிக்குச் சரியாயிருக்குமா" என்று ஒன்று. ஆறாவது வாரம் ஒரு பாட்டிலைத் திறந்தபோது ஆப்பிள் வாடை இல்லை. கசப்பு மட்டுப்பட்டிருந்தது, அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தது. வாழ்க்கையில் நான் செய்த ஒரு உருப்படியான பொருள் அது. அப்போது மிச்சம் மூன்று பாட்டில்.

அந்தப் பச்சை ஆப்பிள் வாடை அசிடால்டிஹைடு. ஈஸ்ட் பாதி வழியில் விட்டுவைப்பது. காத்திருந்தால் அதே ஈஸ்ட் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். வெண்ணெய் வாடை அடிக்கும் இன்னொரு பொருளையும் அப்படியே. தான் போட்ட குப்பையைத் தானே கூட்டிச் சுத்தம் செய்யும் உயிர் அது, அவகாசம் கொடுத்தால். நண்பர் குடித்தது மோசமான பியர் அல்ல, ஆகாத பியர். மாம்பிஞ்சைக் கடித்துவிட்டு மரத்தைத் திட்டினார்.

'அசல் பியர்' பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொன்று. ஆலை பியருக்கு எதிராக 1971இல் தொடங்கிய காம்ரா இயக்கம்தான் 'ரியல் ஏல்' என்ற சொல்லைப் பரப்பியது. எந்தக் கலத்திலிருந்து ஊற்றுகிறோமோ அந்தக் கலத்துக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்து முதிர வேண்டும் என்பது அதன் அடிப்படை. சாறு டப்பாவிலிருந்து வந்ததா, அண்டாவிலிருந்து வந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. முதிர்ந்தது எங்கே என்பதுதான் கேள்வி. அந்தக் கணக்கில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் என் பாட்டில் அசல். நண்பர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த, வடிகட்டி வாயு ஏற்றிய பியர் அசல் இல்லை.

டெர்பியிலிருந்து ரயிலில் கால் மணி நேரம் போனால் பர்ட்டன். ட்ரெண்ட் நதிக்கரை ஊர். ஜிப்சம் கலந்த அதன் கிணற்றுத் தண்ணீர்தான் பேல் ஏலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. 1820களில் அங்கிருந்து ஆல்சாப், பாஸ் கம்பெனிகளின் பீப்பாய்கள் இந்தியாவுக்குக் கப்பலேறின. அவர்களுக்கும் முன்னால் லண்டனின் கிழக்கே, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வாலுக்குப் பக்கத்தில், ஹாட்ஜ்சனின் போ ஆலை. இந்தியாவுக்கென்றே ஒரு மேதை கண்டுபிடித்த பியர் இது, மற்றதெல்லாம் வழியில் கெட்டுப்போகும், இது மட்டும்தான் தாங்கியது என்று பப்பில் கதை சொல்வார்கள். கறுப்பு போர்ட்டர் பியரும் இந்தியாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. இங்கே நிலவறையில் மாதக்கணக்கில், சிலசமயம் வருஷக்கணக்கில் முதிர வைத்துக் குடித்த பியர், நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, வெப்பமண்டலத்தைக் கடந்து, பீப்பாயில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வதற்குள் முதிர்ந்துவிட்டது. மேதை யாரும் இல்லை. நாலைந்து மாதமும் சூடும்தான் அந்த வேலையைச் செய்தன.

'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரைப் பார்த்து "நம்ம பியர்டா" என்று மார்தட்டுகிற நண்பர்களும் உண்டு. சென்னையிலும் கல்கத்தாவிலும் அதைக் குடித்தவர்கள் பெரும்பாலும் கம்பெனி அதிகாரிகள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து சரக்கை மசூலா படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரையில் இறக்கினார்கள். நம் பங்கு அந்தப் படகோட்டிகளின் தோள். அவர்களைப் பற்றி யாரும் மார்தட்டுவதில்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். குடியைப் பற்றித் தமிழில் நாம் எழுதுவது இரண்டே வகை. ஒன்று, குடி குடியைக் கெடுக்கும். இன்னொன்று, குடியே கவிதை. இரண்டிலும் கோப்பை மட்டும்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பானை இருந்தது, பானைக்கு முன்னால் ஒரு மரம் இருந்தது, மரத்தில் ஒருவர் காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளை சீவினார் என்பது இல்லை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அந்த மரமேறியின் பெயர் சாதிப் பெயராகவும் வசவாகவும்தான் நம் வாயில் மிச்சமிருக்கிறது. குடிப்பவனுக்குக் கலகக்காரன் பட்டம், செய்தவனுக்கு ஒன்றுமில்லை.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். அரிசியைக் களியாக வேகவைக்கிறார்கள். அகன்ற வாய்த் தட்டில் ஆறவைக்கிறார்கள். நெல்முளை சேர்த்த அடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு கழிய விடுகிறார்கள். சாடியில் பச்சை வாடை போகும்வரை முதிர விடுகிறார்கள். முளை, ஆறவைத்தல், நாள் கணக்கு, முதிர்ச்சி. நான் பக்கெட்டில் செய்கிற அத்தனையும் அதில் இருக்கிறது. அந்தப் பச்சை வாடைக்கு 'வழைச்சு' என்று தனிச்சொல்லே இருந்திருக்கிறது. உருத்திரங்கண்ணனார் குடித்தாரா என்று எனக்குத் தெரியாது. சாடியைப் பார்த்திருக்கிறார். இன்றைக்குக் குடியைப் பாடுகிற எத்தனை பேருக்கு அந்தச் சொல் தெரியும்?

"அப்போ எல்லாரும் வீட்ல காய்ச்சிட்டா குடி கொறஞ்சிடுமா?" என்று கேட்பீர்கள். குறையாது. படிக்கட்டுக்குக் கீழே 23 லிட்டர் பியர் இருப்பது, தன்னைக் கட்டுப்படுத்த முடியாதவனுக்கு ஆபத்து. என் முதல் நாற்பத்திரண்டு பாட்டிலே சாட்சி. இதைப் படித்துவிட்டு மதுரையில் பக்கெட் வாங்கவும் கிளம்பாதீர்கள், அங்கே சட்டப்படி குற்றம். இங்கேயும் 1963 வரை வீட்டில் காய்ச்ச லைசென்ஸ் வேண்டியிருந்தது. நான் சொல்வது ஒன்றே ஒன்று. எப்படி ஆகிறது என்று தெரியாமல் ஒரு பொருளைப் பாடுவது பொய், தெரியாமல் விழுங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து.

இது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த கருத்தல்ல. என் அப்பா கடை வாசலில் நின்றபடியே குவார்ட்டரைத் தண்ணீர் பாக்கெட் பீய்ச்சி ஒரே மடக்கில் முடிப்பவர். உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. ருசி பார்த்தும் பார்த்ததில்லை. ஐம்பத்து நான்கு வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த அன்று அம்மாவிடம், நான் தொடமாட்டேன் என்று சொன்னேன்.

போன கோடையில் அம்மா இங்கே வந்தாள். வரும்போது பக்கெட்டில் ஒரு கிட் நொதித்துக்கொண்டிருந்தது. எங்கே கொண்டுபோய் மறைப்பது? ஏர்லாக்கில் நிமிஷத்துக்கு ஒரு தரம் 'களக்' என்று சத்தம். முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் படிக்கட்டுப் பக்கம் நின்று, "என்னடா, மாவு பொங்குற வாசன?" என்றாள். சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, "எத்தன நாளாகும்?" என்றாள்.

"எல்லாம் சேத்து ஏழு வாரம்மா."

"ஏழு வாரமா! ஒங்கப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வீடு வர்ற வரைக்கும் பொறுக்காது." டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அதுக்காக இது நல்லதுன்னு நான் சொல்லல" என்றாள்.

நானும் சொல்லவில்லை. கொடுத்த வாக்கை மீறியவன்தான் நான், அதற்குச் சமாதானம் தேடி இதை எழுதவில்லை. ஆனால் நாற்பது வருஷம் மாவு புளிக்கவைத்த அவளுக்கு, ஒரு வார்த்தையில் விஷயம் பிடிபட்டது. பொங்குகிறது, பொறுக்க வேண்டும். கவிஞர் நான்கு மணி நேரம் பேசியும் அங்கே வந்து சேரவில்லை.

அடுத்த கிட் போட்டிருக்கிறேன். நண்பர் வரலாம். ஏழு வாரம் கழித்து வரட்டும், முதிர்ந்ததை நானே ஊற்றித் தருகிறேன். முன்னாலேயே வருவதானால், கழுவ நாற்பத்திரண்டு பாட்டில் இருக்கிறது.