சம்பளம் வாங்காத காரியதரிசி!

சம்பளம் கிடையாது. லீவு கிடையாது. டீ கூட கேட்காது. "காலையிலே 5 மணிக்கு எழுப்பு" என்றால் எழுப்பும். "10 மணிக்கு மீட்டிங், 4 மணிக்கு பாங்க், சாயந்தரம் அம்மாவுக்கு மருந்து" என்று சொல்லி வைத்தால் ஒன்று விடாமல் ஞாபகப்படுத்தும்.

யார் இந்தப் புண்ணியவான்? சட்டைப் பையில் கிடக்கும் செல்போன்தான்!

காரியதரிசி வைத்துக்கொள்வது ஒரு காலத்தில் பெரிய முதலாளிகளுக்கு மட்டுமே கட்டுப்படியானது. 2011-ல் ஆப்பிள் கம்பெனி 'சிரி'யைக் கொண்டு வந்தது. 2014-ல் அமேசானின் 'அலெக்சா', 2016-ல் 'கூகுள் அசிஸ்டென்ட்', 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' என்று வரிசையாக வந்து இறங்கின. இன்று தமிழில் பேசினாலும் புரிந்துகொள்ளும் அளவுக்கு இந்தச் சங்கதி வளர்ந்துவிட்டது.

இதனால் லாபம் யாருக்கு? நஷ்டம் யாருக்கு? ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்து ஜனங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

சங்கு போய் போன் வந்தது

1970-களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. 1980-ல் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து ஓட ஆரம்பித்தது. லேலண்ட் வந்தது. ஊருக்கெல்லாம் மணி காட்டும் டைட்டன் கைக்கடிகாரமும் வந்தது. அன்றைக்கு ஆலைச் சங்குதான் தொழிலாளியின் காரியதரிசி. சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. வெளியே வந்த பிறகு நேரம் அவனுடையது.

இன்று சங்கு பையிலேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் ஊதுகிறது!

தேதி தவறினால் தண்டம்

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். சின்னப் பட்டறைகளில் ஒரே குமாஸ்தாதான் எல்லாக் கணக்கையும் பார்க்கிறார். மாதம் பிறந்தால் பாவம், அவர் தலையில் எத்தனை தேதிகள்! 7-ந்தேதி பிடித்த வருமான வரியைக் கட்ட வேண்டும். 11-ந்தேதி விற்பனைக் கணக்கு. 15-ந்தேதி பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. மாதாமாதம் கணக்குக் கொடுக்கிறவர் என்றால் 20-ந்தேதி ஜி.எஸ்.டி. தவறினால் வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி, அதோடு நாளுக்கு 50 ரூபாய் தண்டம்!

லோடு எல்லை தாண்டுகிறதா? சரக்கு மதிப்பு 50 ஆயிரத்துக்கு மேல் போனால் 'ஈ-வே பில்' வேண்டும். 200 கிலோ மீட்டருக்குள் என்றால் அதன் ஆயுள் ஒரே நாள்.

இதையெல்லாம் செல்போனில் ஒரு தடவை சொல்லி வைத்தால் மாதாமாதம் இரண்டு நாள் முன்னதாகவே மணி அடிக்கும். காசு செலவில்லை. செய்யாமல் தண்டம் கட்டுவது யார் குற்றம்?

எல்லை தெரியாத இயந்திரம்

ஆனால் எல்லாம் தெரிந்த இயந்திரத்துக்கு ஜூஜூவாடி தெரியாது!

தலைமை ஆபீஸ் பெங்களூரில், ஆலை ஓசூரில். நவம்பர் 1 அந்தப் பக்கம் ராஜ்யோத்சவ லீவு. இந்தப் பக்கம் வேலை நாள். ஜனவரியில் அங்கே சங்கராந்தி ஒரு நாளோடு முடிந்தது. இங்கே மாட்டுப் பொங்கல் பாக்கி இருக்கிறது. பெங்களூர் கணக்கில் வைத்த காலண்டர் மாட்டுப் பொங்கலன்று மீட்டிங் போட்டால் அதைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியது மனிதன்.

2023 செப்டம்பர் 29-ந்தேதி காவிரி பிரச்சினைக்காக கர்நாடகாவில் பந்த். தமிழக பஸ்கள் எல்லையோடு நின்றன. பொம்மசந்திரா வரை மெட்ரோ ரெயில் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது என்றாலும், அதைப் பிடிக்க முதலில் அத்திப்பள்ளியைத் தாண்ட வேண்டுமே! "இத்தனை நிமிஷத்தில் போய்விடலாம்" என்று போன் சொல்வதை மட்டும் நம்பிக் கிளம்பினால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

காலி இடம் யாருக்குச் சொந்தம்?

இனிதான் பெரிய விஷயம். கம்பெனி காலண்டரில் சாயந்தரம் 7 மணி காலியாகக் கிடந்தால் இயந்திரம் அங்கே ஒரு வேலையைச் சொருகும். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரம், சம்சாரத்தோடு கடைக்குப் போகும் நேரம், தூங்கும் நேரம் எல்லாமே அதன் கண்ணுக்கு 'காலி இடம்'!

ஆபீசருக்கே இந்தக் கதி என்றால் ஷிப்டுத் தொழிலாளி கதி? ராத்திரி 9 மணிக்கு "நாளை முதல் ஷிப்டு" என்று மெசேஜ் வந்தால் விடியுமுன் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. சட்டத்தால் வர முடியாத அந்தக் கூடுதல் நேரம், செல்போன் வழியாக அரை மணி, ஒரு மணியாகப் பின்வாசலில் நுழைகிறதே!

வேலை முடிந்த பிறகு ஆபீஸ் போனை எடுக்காமல் இருக்கும் உரிமை பிரான்சில் 2017 முதல் சட்டம். ஆஸ்திரேலியாவில் 2024-ல் வந்தது. இங்கே 2018-ல் சுப்ரியா சுலே எம்.பி. தனி நபர் மசோதா கொண்டு வந்தார். அது சட்டம் ஆகவில்லை.

காது இருக்கிறது, ஜாக்கிரதை!

இந்தக் காரியதரிசிக்குக் காதும் உண்டு. ஜனங்கள் பேசிய ஒலிப்பதிவுகளில் சிலவற்றைக் கம்பெனி ஆட்கள் கேட்டுப் பார்த்த சங்கதி 2019-ல் வெளியானது. 'சிரி' ஒட்டுக்கேட்டதாகப் போட்ட வழக்கில் தப்பு செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டே 9 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஆப்பிள் சம்மதித்தது. பாங்க் ரகசிய எண்ணை இதனிடம் சொல்லி வைப்பது திருடனிடம் சாவியைக் கொடுக்கிற மாதிரி.

என்ன செய்ய வேண்டும்?

ஆலை நிர்வாகங்கள் ஷிப்டு மாற்றத்தை ஒரு நாள் முன்னதாகவாவது சொல்லட்டும். வேலை நேரம் முடிந்தபின் வரும் மெசேஜுக்குப் பதில் போடாதவர் மேல் நடவடிக்கை இல்லை என்று நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டட்டும். தொழிலாளர் துறை அதிகாரிகள் வருகைப் பதிவேட்டோடு நிற்காமல், ராத்திரி மெசேஜ்களையும் கேட்டுப் பார்க்கட்டும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். காலண்டரில் முதலில் வார லீவையும் வீட்டு நேரத்தையும் எழுதிவிட்டு, மிச்சத்தை ஆபீசுக்குக் கொடுங்கள். காலி இடம் இல்லையென்றால் இயந்திரம் சொருகாது.

சம்பளம் வாங்காத காரியதரிசி இருக்கட்டும். ஆனால் அது சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்கும் மேஸ்திரியாக மாறக் கூடாது. அதிகாரிகள் கவனிப்பார்களா?