கடிப்பது மணல் ஈ... வீழ்த்துவது பசி! காலா அசார் ஒழிப்பில் விடுபட்டது என்ன?

பீகார் கிராமம் ஒன்றில், ஒரே குடிசையில் தூங்கும் நாலு பேரை மணல் ஈ கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும் அந்தப் பூச்சி. நாலு பேர் உடம்பிலும் லீஷ்மேனியா டோனோவானி என்ற ஒட்டுண்ணி நுழைகிறது. ஆனால் நாலு பேருமே படுத்துவிடுவதில்லை. தொற்று ஏற்படும் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரியாது; உடம்பே சமாளித்துவிடும். சிலருக்குத்தான் வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், ரத்தசோகை, எலும்பும் தோலுமாகும் அளவுக்கு இளைப்பு. அதுதான் காலா அசார். சிகிச்சை கிடைக்காவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

அந்தச் சிலர் யார்? வயது, மரபணு, எச்ஐவி எனப் பல காரணங்கள் உண்டு. ஆனால் அதிகம் பேசப்படாத காரணம், தட்டில் இருக்கும் சாப்பாடு.

உடம்புக்குள் ஒரு செக்போஸ்ட்

ஒட்டுண்ணி தோல் வழியாக நுழைந்ததும் முதலில் நிணநீர்க் கணுக்களில் மாட்டும். நல்ல ஊட்டத்தில் உள்ள உடம்பில் அது பெரும்பாலும் அங்கேயே முடங்கிவிடும். புரதம், இரும்புச்சத்து, துத்தநாகம் குறைந்த உணவு கொடுக்கப்பட்ட எலிகளில், இந்த செக்போஸ்ட் வேலை செய்யவில்லை. ஒட்டுண்ணி சீக்கிரமே கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விட்டது என்று 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதர்களிடமும், ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குத் தொற்று முழு நோயாக மாறும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆண்டுகளாகவே தெரிந்த விஷயம்.

இதோடு முடியவில்லை. நோய் வந்தால் பசி போகும், எடை குறையும், ரத்தம் சுண்டும். ஏற்கெனவே மெலிந்த உடம்பு இன்னும் மெலியும். நிமோனியா மாதிரி வேறொரு தொற்று வந்து ஆளை முடிப்பது இந்தக் கட்டத்தில்தான்.

இப்போது பீகாரின் நிலையைப் பாருங்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் (2019-21) படி, அங்கே 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 41 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். மணல் ஈ வாழ்வது ஈரம் கோத்த மண்சுவர் விரிசலிலும் மாட்டுக்கொட்டகையிலும். அந்த மண்சுவருக்குள் வாழும் முசஹர் போன்ற தலித் சமூகங்கள்தான் நோயிலும் பசியிலும் முன்னால் நிற்கிறார்கள். தற்செயல் என்று சொல்ல முடியுமா?

(பெயரில் உள்ள 'டோனோவானி' நம்ம சென்னையோடு தொடர்புடையது. 1903இல் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் இந்த ஒட்டுண்ணியைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான சார்லஸ் டோனவன் பெயர் அது.)

மருந்து சரி, சாப்பாடு?

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. 1992இல் நாட்டில் 77,000 பேருக்கு மேல் பாதித்த நோய், இன்று ஆண்டுக்குச் சில நூறாகச் சுருங்கியிருக்கிறது. பூச்சிமருந்துத் தெளிப்பு, உடனடிப் பரிசோதனை, ஒரே டோஸ் ஆம்போடெரிசின் ஊசி எல்லாம் பலன் தந்தன. 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழ் என்ற இலக்கை, நோய் உள்ள 633 வட்டாரங்களும் 2023இல் எட்டின. மூன்று ஆண்டுகள் இதைத் தக்கவைத்தால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று. பங்களாதேஷ் அதை 2023லேயே வாங்கிவிட்டது.

ஆனால் இந்தப் பட்டியலில் உணவு எங்கே? பீகாரில் நோயாளிக்கு மாநில அரசு 6,600 ரூபாயும் மத்திய அரசு 500 ரூபாயும் ஒருமுறை தருகின்றன. அது போன கூலிக்கு ஈடு. மாதக்கணக்கில் உடம்பைத் தேற்றும் சாப்பாட்டுக்கு அல்ல. காசநோயில் கதை வேறு. அங்கே சத்துணவு உதவி சிகிச்சையின் ஒரு பகுதி. மாதம் 500 ஆக இருந்த தொகை 2024 நவம்பரில் 1,000 ஆனது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் வீட்டாருக்கு உணவுப்பொருள் கொடுத்துப் பார்த்த ஆய்வில், அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது.

காலா அசாருக்கு அப்படி யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா? 2018இல் காக்ரேன் அமைப்பு தேடியது. சிகிச்சையோடு கூடுதல் ஊட்டம் தந்து பலனை அளந்த ஓர் ஆய்வுகூட அதற்குக் கிடைக்கவில்லை. உணவு பயன்படாது என்று இதற்கு அர்த்தமில்லை. பணக்காரர்களுக்கு வராத நோயில், கேள்வியே கேட்கப்படவில்லை என்று அர்த்தம்.

ஆண்டுக்குச் சில நூறு நோயாளிகள்தான் என்பதால் இப்போது இது எளிது. பரிசோதனை உறுதியான அன்றே எடை பார்த்து, நோயாளியின் குடும்பத்துக்கு ஆறு மாதம் பருப்பு, முட்டை, எண்ணெய் தருவதை நெறிமுறையிலேயே எழுதலாம். மாதாமாதம் எடையைக் குறித்துவந்தால், இல்லாத அந்த ஆய்வுக்குத் தேவையான தரவும் அங்கேயே சேரத் தொடங்கும்.