தெரியாது என்பதை எப்படி நிரூபிப்பது?

2023-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் தேதி நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை நீங்கியது. தூக்குத் தண்டனையே ஒழிந்துவிடவில்லை. தூக்கா, சிறையா என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிபதியின் கைக்கு வந்திருக்கிறது. ஏற்கெனவே மரண தண்டனை பெற்றிருந்தவர்கள் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுஆய்வு கேட்கவும் இன்னொரு சட்டம் வழி செய்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், இதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது போல் நாம் பேசிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தண்டனை என்பது வழக்கின் கடைசிப் படி. அதற்கு வெகு முன்பே ஒருவரைச் சிக்க வைக்கும் பிரிவு ஒன்று அப்படியே இருக்கிறது.

1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவைத்தான் சொல்கிறேன். கூட்டாளி ஒருவன், "இந்தப் பையைக் கொஞ்சம் வைத்திரு" என்று கொடுத்துவிட்டுப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் வந்து பார்க்கும்போது உள்ளே போதைப்பொருள். பை உங்கள் பொறுப்பில் இருந்ததால், அது உங்களுடையது, அது என்னவென்றும் உங்களுக்குத் தெரியும் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். ஹெராயினை வைத்திருந்தது நிரூபிக்கப்பட்டு, அதன் எடை 15 கிராமை எட்டிவிட்டால், நீங்கள் அதைக் கடத்தியதாக இன்னோர் அனுமானம். 15 கிராம் என்பது மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியின் எடை!

ஓர் அனுமானத்தின் மேல் இன்னோர் அனுமானத்தை ஏற்றக்கூடாது என்று 1998-இலேயே கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014-இல் நாடாளுமன்றம் 37ஏ என்ற பிரிவைச் சேர்த்து அதற்கு வழி திறந்துவிட்டது. 2019 ஏப்ரலில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளினார்கள். ஆக, இரண்டையும் அடுக்க முடியாது. ஆனால் தனித்தனியே இரண்டும் இன்றும் உயிரோடுதான் இருக்கின்றன.

சாதாரணக் குற்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் நியாயமான சந்தேகத்தை எழுப்பினாலே போதும், விடுதலை. இங்கே அது போதாது. தனக்குத் தெரியாது என்பதே அதிக சாத்தியம் என்று அவர்தான் காட்ட வேண்டும். திருடவில்லை என்பதற்குச் சாட்சி கிடைக்கலாம். தெரியாது என்பதற்கு யார் சாட்சி?

"இப்படிச் சட்டம் இல்லாவிட்டால் பிடிபடுகிற அத்தனை பேரும் தெரியாது என்றுதானே சொல்வார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மனத்தில் இருப்பதை எந்தப் போலீஸும் பார்த்துவிட முடியாது. ஆனால் கைரேகை, மரபணு, தொலைபேசிப் பதிவு இவையெல்லாம் யார் கையில் இருக்கின்றன? அரசாங்கத்தின் கையில். தடுப்புக் காவலில் இருப்பவரிடமா ஆய்வுக்கூடம் இருக்கிறது? சந்தேகம் எழுப்பினால் போதும் என்ற அளவுக்காவது இந்த அனுமானங்களைத் தளர்த்த வேண்டும் என்பதே என் கருத்து.

அது நடக்கும்வரை, கைதான முதல் நாள்தான் முக்கியம். பையைக் கொடுத்தவன் யார், அவன் எண் என்ன, எங்கே சந்தித்தோம் என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்தால் போலீஸ் அதை விசாரித்தாக வேண்டும். வழக்கறிஞர்கள் இதை 'அல்கொந்தாரா நோட்டீஸ்' என்பார்கள். 1996-இல் முடிந்த ஒரு வழக்கின் பெயர் அது. நீதிமன்றத்தில் நிற்கும்போது முதன்முறையாகச் சொன்னால், பிறகு ஜோடித்த கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். பயத்தில் வாயைத் திறக்காதவனும், மலாயில் எழுதிய வாக்குமூலத்தைப் புரியாமலே கையெழுத்திட்டுக் கொடுப்பவனும் அங்கேதான் பாதி வழக்கை இழக்கிறார்கள்.

கைதானவர் ஒரு வழக்கறிஞரையும் ஓர் உறவினரையும் தொடர்புகொள்ளலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு சொல்கிறது. மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். இவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, நம் கழகத்தின் அடுத்த சமூகப் பணித் திட்டத்தில் தோட்டங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் கொடுக்கலாம். சட்டத்துறை மாணவர்கள் இருவர் சரிபார்த்துத் தந்தால், எழுதுகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.