பெயரை நம்பும் ஆய்வு

இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயாகும். மாவடிப்பள்ளியில் விருந்தினர் முன் வெற்றிலை வட்டா வைப்பது மரியாதை. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றை விளைக்கும் என்பதை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. ஆகவே, பல் மருத்துவ ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் கலங்கள் எந்த உயிரினத்துக்கு உரியவை என்ற வினா, அவ்வூராருக்கும் கலைப்பீடத்தாருக்கும் புறம்பானதன்று.

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றொன்றைச் சேர்ந்தவை என நம்பி ஆராயப்பட்டு வந்த ஆறு கலவழிகளின் பரம்பரை அடையாளத்தைச் சோதித்த முடிவு 2009 இல் வெளியாயிற்று. மூன்று ஹீலாக் கலங்கள். அதாவது, 1951 இல் பால்டிமோரில் ஹென்றியேற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைக் கழுத்துப் புற்றிலிருந்து, அவரிடம் ஒரு சொல்லும் கேளாது எடுக்கப்பட்ட கலங்களின் வழி வந்தவை. நான்காவது சிறுநீர்ப்பைப் புற்று. எஞ்சிய இரண்டும் மனிதக் கலங்களே அல்ல. ஒன்று சுண்டெலியினது, மற்றது எலியினது! வாய்ப்புற்றுக் கலம் என்று 1950களில் அறிமுகமான ‘கேபி’ வழியும் ஹீலாவே என்பது பல தசாப்தங்களாகத் தெரிந்த செய்தி. தெரிந்த பின்னரும் அதனை வாய்க்கலம் என்றே எழுதியோர் உளர். இதனைத் தவறு என்பது பெருந்தன்மை; அசட்டை என்பதே பொருந்தும்.

“வறிய நாட்டு ஆய்வுகூடங்களுக்கு இச்சோதனைகள் கட்டுபடியாகா” என்பர் சிலர். மனித நிறமூர்த்தங்கள் 46, சுண்டெலிக்கு 40. புற்றுக்கலங்களில் எண்ணிக்கை பிறழும் என்பது மெய்யே; ஆயினும் சுண்டெலியின் நிறமூர்த்தங்கள் பெரும்பாலும் ஒரு முனையிலேயே இணைந்திருக்கும் வடிவம், பயின்ற கண்ணுக்கு நுணுக்குக்காட்டியில் தென்படும். இழைமணியின் பரம்பரையலகு ஒன்றைப் பெருக்கி வாசித்தால் இனம் இன்னும் தெளிவாகும். இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மனிதருக்கென அமைந்த அடையாளச் சோதனை மட்டும் போதாது. மனிதக் கலங்களுள் எலிக் கலம் கலந்திருப்பின், அச்சோதனை மனிதனை மாத்திரம் கண்டு திருப்தியடைந்துவிடும்.

மாவடிப்பள்ளி விவசாயி வித்துநெல் மூடையில் விவசாயத் திணைக்களத்தின் சான்றுச் சீட்டைத் தேடுகிறார். ஒரு போகத்து விளைச்சலுக்கே அத்தனை கவனம். மருந்தொன்றை மனித வாய்க்குப் பரிந்துரைக்கும் ஆய்வாளரோ, நண்பரின் குளிர்பெட்டியிலிருந்து வந்த குப்பியின் மேலெழுத்தை வேதவாக்காகக் கொள்கிறார். கலங்கள் ஆய்வுகூடத்துள் வரும்போது ஒருமுறையும், ஆய்வு முடிவில் ஒருமுறையும் இனச் சோதனை நிகழ்ந்ததற்கான சான்று இல்லாத ஆய்வேட்டைப் பரீட்சகர் வாசிக்காமலே திருப்பியனுப்ப வேண்டும். அந்த அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்கள் விதியாகவே எழுதிக் கொடுக்க வேண்டும்.